பனிச்சறுக்குப் பயணம்: தேதிக்கு முன் பனி நிலவரம், ஸ்கீக்கு முன் பூட்ஸ்

குல்மார்க்கில் 2025 பிப்ரவரி 22-ஆம் தேதி தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், மலையில் போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9-ஆம் தேதிதான் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியின் பெரும்பகுதியில் அங்குள்ள புல்வெளி பனியின்றிப் பழுப்பு நிறமாகவே கிடந்தது. உத்தராகண்டின் ஔலியில் 2023 பிப்ரவரியில் நடக்கவிருந்த தேசியப் போட்டிகளும் இதே காரணத்தால் ரத்தாயின. அரசும் விளையாட்டுச் சங்கங்களும் மாதக்கணக்கில் ஏற்பாடு செய்த போட்டிகளுக்கே இந்த நிலை என்றால், விடுமுறை நாள்களைப் பார்த்து விமானச் சீட்டு எடுக்கும் குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் பனிச்சறுக்குப் பயணத்தைத் திட்டமிடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது நாள்காட்டியை அல்ல, பனியை. உடையும் கருவிகளும் அடுத்தபடியாக வருகின்றன. ஆனால் அவற்றில் நேரும் சிறு தவறு, பயணத்தின் முதல் நாளையே கடைசி நாளாக்கிவிடக்கூடும்.

பனி எப்போது வரும்?

இமயமலையின் மேற்குப் பகுதியில் குளிர்காலப் பனிப்பொழிவு, மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகிக் கிழக்கு நோக்கி நகரும் 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் வானிலை அமைப்புகளைப் பொறுத்தது. இவை அடுத்தடுத்து வந்தால் சில நாள்களிலேயே ஆளுயரப் பனி சேரும். வராவிட்டால் கடுங்குளிர் மட்டுமே மிஞ்சும். காஷ்மீரில் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 40 நாள் 'சில்லாய் கலான்' பருவம் குளிரின் உச்சம். எனினும் உச்சக் குளிரும் உச்சப் பனியும் ஒரே நேரத்தில் அமைய வேண்டிய கட்டாயமில்லை என்பதை 2024 ஜனவரி காட்டியது.

ஆகவே, கூட்டமும் கட்டணமும் மிகுந்த புத்தாண்டு வாரத்தைவிட ஜனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலமே பனிச்சறுக்குக்கு நம்பகமானது. அப்போதும் தேதி மாற்ற வசதியுள்ள விமானச் சீட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விடுதி அறையும் எடுப்பது நல்லது. இவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம்; பனியில்லாத மலையைப் பார்த்துத் திரும்புவதைவிட அது குறைவே. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைத் தொடர்ந்து பார்த்து வர வேண்டும்.

எங்கே செல்வது?

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள குல்மார்க் இந்தியாவின் முதன்மையான பனிச்சறுக்குத் தலம். இங்குள்ள கோண்டோலா கேபிள் கார் இரண்டு கட்டங்களாக இயங்குகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரையிலும், இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டர் உயரம் வரையிலும் செல்கிறது. முதன்முறை வருவோருக்கு இந்த உயரம் தேவையே இல்லை. கீழே புல்வெளியை ஒட்டிய மென்சரிவுகளில்தான் பயிற்சி நடக்கும். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமும் குல்மார்க்கில்தான் உள்ளது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிஃப் கான், குல்மார்க்கின் அடிவாரமான தங்மார்க் பகுதியைச் சேர்ந்தவர்.

ஔலி, உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ஜோஷிமட்டுக்கு மேலே உள்ளது. நந்தா தேவி சிகரத்தைப் பார்த்தபடி சறுக்கலாம் என்பது இதன் சிறப்பு. கர்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் இங்கு 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. முறையாகக் கற்க விரும்புவோருக்கு இது ஏற்றது. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டை அடையவே மலைச்சாலையில் சுமார் 250 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு முழு நாள், பயணிக்க வேண்டும். ஜோஷிமட்–ஔலி ரோப்கார், 2023 ஜனவரியில் அந்நகரில் நிலம் புதைந்ததைத் தொடர்ந்து நிறுத்தப்பட்டது. எனவே சாலைப் பயணத்தையே கணக்கில் கொண்டு திட்டமிட வேண்டும்.

இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்கு எளிதில் சென்றடையக்கூடியது. அங்கு பலரும் ஓரிரு மணி நேரம் வாடகை ஸ்கீ மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அதைப் பனிச்சறுக்குப் பயணம் என்று சொல்வது கடினம். மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் வகுப்புகளில் சேர்வோருக்குத்தான் அந்தப் பள்ளத்தாக்கின் முழுப் பயன் கிடைக்கும்.

தென்மாநிலத்தவர் இந்த விளையாட்டுக்கு அந்நியர் அல்லர். கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, சமதளத்தில் நெடுந்தூரம் செல்லும் நார்டிக் பனிச்சறுக்கில் கேலோ இந்தியா பதக்கங்களை வென்றுள்ளார்.

எத்தனை நாள்?

மூன்று நாள் பயணத்தில் பனிச்சறுக்குக் கற்க முடியாது. உயரத்துக்கு உடல் பழக ஒரு நாள் வேண்டும். பனிப்பொழிவாலோ காற்றாலோ கேபிள் கார் நிறுத்தப்பட்டு ஒரு நாள் வீணாகலாம். விழுந்து எழவும், வேகத்தைக் குறைத்து நிற்கவும் கற்பதில் இரண்டு நாள் கழியும். அதன் பிறகே சறுக்குவது மகிழ்ச்சியாக மாறுகிறது. எனவே மலையில் மட்டும் குறைந்தது ஐந்து அல்லது ஆறு நாள்கள் ஒதுக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே உட்கார்ந்து எழும் பயிற்சி, மாடிப்படி ஏறுதல் போன்றவற்றால் தொடைத் தசைகளை வலுப்படுத்திக்கொண்டால் இரண்டாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியும்.

பூட்ஸ்தான் முதலில்

வாடகைக் கடைக்குச் செல்லும் புதியவர்கள் பளபளப்பான ஸ்கீ பலகைகளைத் தேடுகின்றனர். அனுபவசாலிகள் முதலில் பூட்ஸைப் பார்க்கின்றனர். கால் தரும் ஒவ்வொரு அசைவும் பூட்ஸ் வழியாகத்தான் பலகைக்குச் செல்கிறது. பூட்ஸ் தளர்வாக இருந்தால், எவ்வளவு நல்ல பலகையும் கட்டுப்பாட்டுக்கு வராது. இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துவிடும்.

ஸ்கீ பூட்ஸின் அளவு, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கும். வழக்கமான காலணி எண்ணைச் சொல்லி வாங்குவோருக்குப் பெரும்பாலும் பெரிய பூட்ஸே கிடைக்கிறது. வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பாதத்தை அளந்து குறித்துக்கொண்டு செல்வது எளிய வழி. பூட்ஸை மாட்டி நேராக நிற்கும்போது விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கும்போது விரல்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. கொக்கிகளை மாட்டிக் கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நின்றும் மடங்கியும் பார்க்காமல் வெளியேறக் கூடாது. கடைக்காரர் அவசரப்படுத்துவார், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

குளிருக்குப் பயந்து இரண்டு காலுறைகள் அணிவது பரவலான தவறு. அவை மடிந்து காலை அழுத்தி, குளிரை அதிகப்படுத்துகின்றன. முழங்கால் வரை நீளும் ஒரே ஒரு கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை போதும். உள்ளாடையின் கால்பகுதியைப் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது. அந்தச் சிறு மடிப்பு மாலைக்குள் கணுக்காலுக்கு மேல் புண்ணாகிவிடும்.

பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்று முழங்காலையும் கால் எலும்பையும் காக்கும் கருவி. எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்பது அணிபவரின் எடை, உயரம், வயது, திறன், பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கடையில் எடையைக் குறைத்துச் சொல்வதும் திறமையைக் கூட்டிச் சொல்வதும் மனித இயல்பு. முன்னதால் பைண்டிங் தேவையற்ற இடத்தில் கழலும்; பின்னதால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. ஒருவருக்காகச் சரிசெய்த ஸ்கீயை நண்பருடன் மாற்றிக்கொள்வதும் இதனால்தான் ஆபத்தாகிறது.

பலகையின் உயரம் தொடக்க நிலையில் தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்டு இருந்தால் போதும். குட்டையான பலகை எளிதில் திரும்பும். அதன் ஓரத்திலுள்ள எஃகு விளிம்பு துருப்பிடித்திருந்தால் வேறொன்று கேட்க வேண்டும். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்கினால் அளவு சரி. தலைக்கவசம் கட்டாயம். கம்பளிக் குல்லாய்க்கு மேல் அதை அணிந்தால் பொருந்தாது.

குளிரைவிட ஈரமே எதிரி

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரும் ஜீன்ஸும் பனிச்சரிவில் உதவா. பனிச்சறுக்கில் உடல் கடுமையாக உழைக்கிறது, வியர்க்கிறது. பின்னர் கேபிள் கார் வரிசையில் அரை மணி நேரம் அசையாமல் நிற்க நேர்கிறது. பருத்தித் துணி அந்த வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு உடல் சூட்டைப் பறித்துவிடும். பருத்தி பனியனை விடுதியிலேயே விட்டுவிட வேண்டும்.

மூன்று அடுக்கு உடையே உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. உடலை ஒட்டி, வியர்வையை வெளித்தள்ளும் மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. அதன்மேல் சூட்டைத் தக்கவைக்கும் ஃப்ளீஸ். வெளியே காற்றையும் நீரையும் தடுக்கும் மேலங்கியும் கால்சட்டையும். மேலங்கியின் நீர்த்தடுப்புத் திறன் மில்லிமீட்டரில் குறிக்கப்படும். 10,000 மில்லிமீட்டர் இருந்தால் புதியவர்களுக்குப் போதுமானது. அவர்கள் நிற்பதைவிடப் பனியில் உட்காரும் நேரமே அதிகம் என்பதால், மேலங்கியைவிடக் கால்சட்டையின் நீர்த்தடுப்பில் கூடுதல் கவனம் தேவை. தங்மார்க்கிலும் குல்மார்க்கிலும் வாடகைக்குக் கிடைக்கும் நீண்ட கோட்டும் ரப்பர் பூட்ஸும் பனியில் நடந்து பார்க்கப் பயன்படும், சறுக்குவதற்கு அல்ல. கம்பளிக் கையுறை சில நிமிடங்களில் நனைந்துவிடும். நீர்புகாக் கையுறை இரண்டு ஜோடி வைத்திருப்பது நல்லது.

வெயிலைப் பலரும் மறந்துவிடுகின்றனர். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்கள் வலுப்பெறுகின்றன. புதுப்பனி அவற்றில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பக்கூடியது. முகவாயின் அடிப்பகுதிகூடக் கருகும். கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் கழித்தால், அன்றிரவே கண்ணில் மணல் விழுந்தது போன்ற வலி தொடங்கும்.

புதியவர் எதை விலைக்கு வாங்கலாம் என்ற கேள்விக்கு விடை எளிது. தோலை ஒட்டியவை சொந்தமாக இருக்கட்டும்: உள்ளாடை, காலுறை, கையுறை, கண்ணாடி. ஸ்கீ, பூட்ஸ், கைத்தடி, தலைக்கவசம் ஆகியவை வாடகைக்கு. மேலங்கியை நண்பரிடம் இரவல் வாங்கலாம்.

கயிற்றுக்கு அப்பால்

2024-இல் ஜனவரி முழுதும் ஏங்க வைத்த பனி, பிப்ரவரியில் குல்மார்க்கில் கொட்டித் தீர்த்தது. பிப்ரவரி 22-ஆம் தேதி, கேலோ இந்தியா போட்டிகள் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், மேல்மலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். 2010-இல் அதே மலையில், பயிற்சி பெற்ற ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவுக்குப் பலியாகினர்.

வறட்சிக்கும் பனிச்சரிவுக்கும் தொடர்பு உண்டு. பருவத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, நீண்ட கடுங்குளிரில் சர்க்கரை போன்ற ஒட்டாத மணிகளாக மாறுகிறது. அதன்மேல் திடீரெனக் கனத்த பனி விழும்போது, பிடிப்பற்ற அடித்தளத்தோடு மொத்தப் பாளமும் நழுவுகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இது அதிகம் நிகழ்கிறது. சறுக்கு வீரர்கள் மிகவும் விரும்புவதும் அத்தகைய சரிவுகளையே.

பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் உள்ள டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதை நாள்தோறும் பார்ப்பதும், ரோந்துக் குழுவினர் மூடிய பகுதிக்குள் நுழையாதிருப்பதும் அடிப்படை விதிகள். ரோந்து எல்லைக்கு அப்பால் செல்வோருக்கு உள்ளூர் வழிகாட்டி அவசியம். ஒவ்வொருவரிடமும் இடம் காட்டும் ரேடியோ கருவி, துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பழகியிருக்கவும் வேண்டும். புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பின் வேகமாகச் சரிகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.

புறப்படும் முன்

கடலோர நகரிலிருந்து ஒரே நாளில் குல்மார்க்கை அடைவோருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்கிவிட வேண்டும். இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே சீட்டு எடுக்கட்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும். விதிமுறையில் பனிச்சறுக்கு என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

வெளிமாநில பிரீபெய்டு சிம்கள் ஜம்மு-காஷ்மீரில் வேலை செய்வதில்லை; குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். குளிரில் செல்பேசி மின்கலம் விரைவில் அடங்கிவிடும் என்பதால் அதை உள்சட்டைப் பையில் வைக்கலாம். கோண்டோலா சீட்டுகளை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பனி விழுந்த நாள்களில் தங்மார்க்கிலிருந்து மேலே செல்ல, சக்கரத்தில் சங்கிலி பூட்டிய வாகனத்துக்கு மாற வேண்டியிருக்கும்.

பனி நன்றாக விழும் நாளில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவதும் வழக்கம். திரும்பும் நாளுக்கும் மீண்டும் பணிக்குச் செல்லும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது காலியாக விட்டிருப்பவர்கள், விமான நிலைய நாற்காலியில் இரவைக் கழிக்க நேர்ந்தாலும் பதறாமல் இருக்கலாம்.