கல்நார்த் தூசியும் ஆலைச் சுவரும்: நிலத்தடி மின்வடப் பணியாளரை முன்வைத்து

சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றால் கூரைத் தகடுதான் நினைவுக்கு வரும். மின்வடத்தின்மேல் சுற்றிய நாடாவாகவும் கல்நார் பயன்பட்டது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. ஒரே நிலத்தடி அறையில் உயர் அழுத்த வடங்கள் பல செல்லும்போது, ஒன்றில் பழுது நேர்ந்து மின்வில் எழுந்தால் அருகிலுள்ள வடங்களும் எரியும். இதைத் தடுக்கவே அமெரிக்க நகரங்களில் ஈய உறையின்மேல் கல்நார் நாடா சுற்றப்பட்டது. நாடா குலையாதவரை தீங்கு குறைவு. பழைய இணைப்பைத் திறக்க அதை அறுத்துப் பிரிக்கும்போதுதான் காற்றோட்டமற்ற குழியில் இழைகள் மிதக்கின்றன; மூச்சுடன் உட்சென்ற இழை நோயாக வெளிப்படப் பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும்.

நோய் அறியப்பட்ட வரலாறு ஆலையிலிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தின் ராச்டேலில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல் இறந்தார். மெரிவெதர், பிரைஸ் ஆகியோரின் அறிக்கை 1930இல் வெளிவந்தது. மறு ஆண்டே விதிகள் இயற்றப்பட்டன. எனினும் அவ்விதிகள் ஆலைக்குள் நிகழும் செய்முறைகளையே முதன்மையாகக் கருதின. கல்நாரைப் பிற இடங்களில் கையாண்டோர் பெரிதும் விடுபட்டனர்.

இந்தியாவிலும் இதே போக்கைக் காணலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கல்நார் நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகக் கொண்டிருந்தது. ஆயின் தெருவோரக் குழி ‘தொழிற்சாலை’ ஆகாது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று வழங்கிய தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலத்தை அரசமைப்பின் 21ஆம் உறுப்பின்கீழ் அடிப்படை உரிமையாக ஏற்றது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேடு காக்கப்பட வேண்டும் என்றது. நோயின் நீண்ட மறைகாலத்தைச் சட்டம் உணர்ந்துகொண்ட இடம் இதுவே எனலாம். ஆனால் இந்த ஆணைகள் கல்நார்த் தொழிலகங்களை நோக்கியவை. சிறு தொழிலகங்களையும் சேர்ப்பது பற்றிக் கூறும் பகுதிகூட உற்பத்தியில் ஈடுபடுவோரையே குறிக்கிறது.

அடுத்த ஆண்டு வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், மின் கடத்தல், பகிர்மானம் சார்ந்த கட்டுமானத்தையும் பராமரிப்பையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. குழியில் இறங்குபவர் அவ்வகையில் சட்டத்தின் பார்வைக்கு வந்தார். எனினும் ஒப்பந்தம்தோறும் முதலாளி மாறும் அவருக்கு 40 ஆண்டுப் பதிவேட்டை எவர் வைத்திருப்பது என்ற வினா, 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பின் எல்லைக்கு வெளியிலேயே நிற்கிறது.