தீவுப் பனைகளும் நம்ம ஊர்ப் பனையும்

கடலூரிலும் சிதம்பரத்திலும் புது வீடு கட்டுபவர்கள் வாசலில் அழகுக்காகப் பனை வகைக் கன்று ஒன்றை வைப்பது வழக்கமாகிவிட்டது. நர்சரியில் வாங்கும் அந்தக் கன்றுகளின் சொந்த ஊர் எது தெரியுமா? அடி பருத்த பாட்டில் பாம், மொரீஷியஸ் அருகே உள்ள ரவுண்ட் தீவைச் சேர்ந்தது. கொத்தாக வளரும் அரிகா பாம் மடகாஸ்கர் தீவுக்கு உரியது. ராயல் பாம் கியூபா பக்கத்தது. எல்லாமே தீவுக்காரர்கள்!

ரவுண்ட் தீவின் கதை சோகமானது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் முளைத்த கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிட்டன. உலகம் முழுக்கத் தோட்டங்களில் நிற்கும் பாட்டில் பாம், பிறந்த தீவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனது.

இந்தியாவுக்கும் சொந்தமாக ஒரு தீவுப் பனை உண்டு. நிக்கோபார் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் அதன் பெயர் பெண்டிங்கியா நிக்கோபாரிகா. 1803 முதல் 1807 வரை சென்னை கவர்னராக இருந்து, வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு திருப்பி அழைக்கப்பட்ட வில்லியம் பெண்டிங்க்கின் பெயர்தான் இந்த மர இனத்துக்கு வைக்கப்பட்டது. மழைக்காட்டு மரம் என்பதால் கன்றுக்கு நிழலும் காயாத ஈரமும் வேண்டும். கடற்கரை மணலில், சித்திரை வெயிலில் அதை வளர்ப்பது கடினம்.

அந்த மணலுக்கென்றே பிறந்தது போல நிற்பது பனை. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு போன்ற தீவுகளிலும் இதே மரம்தான். அந்த வகையில் இதுவும் தீவுப் பனையே.

சிதம்பரத்துக்கும் பனைக்கும் உள்ள உறவு பழையது. கோயிலில் பூட்டிய அறைக்குள் கரையான் அரித்துக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஊர் ஊராக ஓலைச்சுவடி தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். ஓலை இல்லையென்றால் இன்று பழந்தமிழ் நூல்கள் ஏது?

அப்படிப்பட்ட மரம் செங்கல் சூளைகளுக்கு விறகானது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோதுதான், காற்றுக்கு எளிதில் சாயாத மரத்தின் அருமை பலருக்கு உறைத்தது. 2021-ல் தமிழக அரசு, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது.

வளர்ப்பதும் சுலபம். ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழும் பழத்தின் கொட்டையை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே புதைக்க வேண்டும். முளை முதலில் ஆழமாகக் கீழே இறங்குவதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. 10 அடி இடைவெளி போதும். மழைக்கு முன் புதைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலையும் பெரும்பாலும் இல்லை.

ஒரே குறை, பொறுமை வேண்டும். ஆணா பெண்ணா என்று பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். வைத்தவர் நுங்கு தின்பது நிச்சயமில்லை. ஆனால் அவர் பேரப்பிள்ளைகள் தின்பார்கள்!