மூன்று சக்கரத்தில் தென் துருவம்

தில்லி ஜனவரி எப்படி இருக்கும் என்று வடக்கே குடித்தனம் நடத்தும் நம்ம மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மங்கி குல்லா, இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. போன குளிரில் ஒரு நாள் ஆணி அதிகமாகி, ராத்திரி மெட்ரோவை விட்டு இறங்கி இ-ரிக்‌ஷாவில் ஏறினேன். பாதி வழியில் வண்டி முனக ஆரம்பித்துவிட்டது. "சர்தி மேன் பேட்டரி பைட்ஜாத்தி ஹை, சாப்" என்றார் ஓட்டுநர். குளிர் வந்தால் பேட்டரி உட்கார்ந்துவிடுமாம். மீதி தூரம் நடராஜா சர்வீஸ்.

நடக்கும்போது ஒரு யோசனை. தில்லியின் எட்டு டிகிரிக்கே மின்சார மூன்று சக்கர வண்டிக்கு இந்த கதி என்றால், உண்மையான குளிரில், பனியில் கூடாரம் போட்டுத் தங்கி, மூன்று சக்கரத்தில் யாராவது நீண்ட தூரம் போயிருக்கிறார்களா? அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தப் பதிவு. விடை 'போயிருக்கிறார்கள்' என்பதுதான். அதுவும் தென் துருவத்துக்கே! ஆனால் மோட்டார் இல்லாமல். ஏன் இல்லாமல் என்பதில்தான் கதையே இருக்கிறது.

கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னால் சுற்றுவோம். மின்சார வாகனம் என்பது நேற்று வந்த சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1881 ஏப்ரலில், பெட்ரோல் கார் பிறப்பதற்கு நான்கைந்து வருடம் முன்பே, குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தில் செய்த ஒரு மிதி டிரைசைக்கிளில் மோட்டாரையும் ஈய-அமில பேட்டரியையும் பொருத்தி பாரிஸ் தெருவில் ஓட்டிக் காட்டிவிட்டார். அடுத்த வருடமே லண்டனில் அயர்ட்டன், பெர்ரி என்ற இரண்டு பேராசிரியர்கள் இன்னொரு மின்சார டிரைசைக்கிள் செய்தார்கள். மணிக்கு சுமார் 9 மைல் வேகம். மின்விளக்கும் வைத்திருந்தார்கள்.

இந்த வில்லியம் அயர்ட்டன் நமக்குக் கொஞ்சம் வேண்டப்பட்டவர். 1868ல் பம்பாய் வந்து இறங்கி, இந்தியத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். நூற்றுக்கணக்கான மைல் நீளும் தந்திக் கம்பியில் பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டே அளந்து கண்டுபிடிப்பதுதான் அவர் இங்கே செய்த முக்கியமான பணி. பிறகு டோக்கியோவில் பேராசிரியர் வேலை. பெர்ரி அவருக்குக் கூட்டாளியானது அங்கேதான். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனவர் என்ற வகையில் அவரும் நம்ம ஜாதி :-)

அந்தக் காலத்து இங்கிலாந்தில் டிரைசைக்கிள் என்பது கௌரவமான வண்டி. விக்டோரியா மகாராணியே 1881ல் வாங்கியிருக்கிறார். உயரமான முன்சக்கர பைசைக்கிளில் ஏறிக் குப்புற விழ விரும்பாத கனவான்களும், கால் வரை கவுன் போட்ட சீமாட்டிகளும் அதில்தான் போனார்கள். 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இன்றைய வடிவத்துக்கு அருகில் வரும் 'சேஃப்டி' சைக்கிளைக் கொண்டுவந்தார், 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார், அதோடு மூன்று சக்கரத்தின் மவுசு போயிற்று. மிச்சம் இருந்தது குழந்தைகளின் வண்டி, ஐஸ்கிரீம்காரர் வண்டி, நம் ரிக்‌ஷா.

இப்போது குளிருக்கு வருவோம். 1911ல் ராபர்ட் ஸ்காட் தென் துருவத்துக்குப் போன பயணத்தில் மூன்று மோட்டார் சறுக்கு வண்டிகளைக் கொண்டுபோனார். ஒன்று கப்பலிலிருந்து இறக்கும்போதே பனி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் பயணம் தொடங்கிய சில நாட்களிலேயே படுத்துவிட்டன. காரணம்தான் வேடிக்கை: அந்தக் குளிரிலும் எஞ்சின் சூடு தாங்கவில்லை! அதே குழுவில் இருந்த புவியியல் அறிஞர் கிரிஃபித் டெய்லர் ஒரு சைக்கிள் வைத்திருந்தார். உறைந்த கடல்மேல் அதை ஓட்டிப் பார்த்து, களைத்துச் சோர்ந்து போனதுதான் கண்ட பலன்.

அந்தக் குழுவில் என்னை அதிகம் பாதித்தது வேறொரு பயணம். 1911 ஜூன் கடைசியில், அங்கே நடுக்குளிர்காலம், இருபத்துநாலு மணி நேரமும் இருட்டு. எட்வர்ட் வில்சன், பௌவர்ஸ், செர்ரி-காரார்ட் மூவரும் எம்பரர் பென்குவின் முட்டை எடுத்துவர ஐந்து வாரம் நடந்தார்கள். வெப்பநிலை மைனஸ் 60 வரை இறங்கியது. அவர்களைப் படுத்தியது குளிர் மட்டுமல்ல, வியர்வையும்தான். பாரத்தை இழுக்கும்போது உடம்பு வியர்க்கும். வியர்வை வெளியே போவதற்குள் துணியிலேயே உறையும். கூடாரத்தை விட்டு வெளியே வந்து தலையைத் தூக்கிப் பார்த்த செர்ரி-காரார்ட்டின் உடை சில நொடியில் இரும்புக் கவசம்போல் விறைத்துவிட, மணிக்கணக்கில் தலையைக் குனிய முடியாமல் நடந்திருக்கிறார். தூக்கப் பையிலும் இதே கதை. ராத்திரி முழுக்க உடம்பு விடும் ஈரம் பைக்குள் பனியாகிச் சேர்ந்து, கிளம்பும்போது இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கனத்துவிட்டது. விறைத்த பைக்குள் நுழையவே நெடுநேரம் போராட வேண்டும். மூவரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அடுத்த வருடம் மார்ச்சில் வில்சனும் பௌவர்ஸும் ஸ்காட்டோடு அதே கண்டத்தில் கூடாரத்துக்குள்ளேயே இறந்துபோனார்கள். பத்து வருடம் கழித்துத்தான் செர்ரி-காரார்ட் அந்தக் கதையைப் புத்தகமாக எழுதினார்.

பனியில் தங்குவதில் இன்னொரு கணக்கும் உண்டு. சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் குடிக்க ஒரு சொட்டு கிடையாது. மைனஸ் 25ல் இருக்கும் பனியை உருக்கித் தண்ணீராக்க ஒரு கிராமுக்கு 90 கலோரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்க இன்னும் 100. அதாவது ஒரு டம்ளர் டீக்கு எரிக்கும் எரிபொருளில் கிட்டத்தட்டப் பாதி, பச்சைத்தண்ணீர் கிடைப்பதற்கே போய்விடும். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதற்கு அலுத்துக்கொள்ளும் தங்கமணியிடம் இதைச் சொன்னேன். "அங்க போய் டீ கேக்காதீங்க" என்று பதில் வந்தது.

சரி, 2013. அந்த டிசம்பரில் மூன்று பேர் மிதிவண்டியில் தென் துருவத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்பெயின்காரர் ஹுவான் மெனண்டெஸ் கிரானடோஸும் அமெரிக்கர் டேனியல் பர்ட்டனும் அகல டயர் போட்ட இரண்டு சக்கர வண்டியில். வேல்ஸைச் சேர்ந்த மரியா லேயர்ஸ்டாம் மூன்று சக்கரத்தில். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஐ.சி.ஈ. என்ற சின்ன கம்பெனி செய்த, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் டிரைக். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, தடித்த டயர், மிகத் தாழ்ந்த கியர்.

ஏன் மூன்று? இதற்கு முந்தைய வருடம் அவர் உறைந்த பைக்கால் ஏரியை சைக்கிளில் கடந்தவர், இரண்டு சக்கரம் பனியில் என்ன செய்யும் என்று தெரிந்தவர். சைக்கிள் விழாமல் நிற்க வேண்டுமானால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இளகிய பனியில் முன்சக்கரம் புதைந்தால் வேகம் போகும், வேகம் போனால் ஆள் கீழே. ஒவ்வொரு முறையும் எழுந்து, தூக்கி நிறுத்தி, மறுபடி மிதித்து... அந்த உழைப்பெல்லாம் வியர்வை. செர்ரி-காரார்ட்டின் எதிரி! டிரைக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆள் நடக்கும் வேகத்திலும், அதைவிட மெதுவாகவும் மிதிக்கலாம். மூச்சு வாங்கினால் நடு ஏற்றத்தில் அப்படியே நிற்கலாம். வியர்க்காத அளவுக்கு மிதித்து, வியர்க்கும் முன் நிற்கும் சௌகரியம். தாழ உட்கார்வதால் எதிர்காற்றும் குறைவாகத்தான் படும்.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. மூன்று சக்கரம் பனியில் மூன்று தடம் போட வேண்டும். ஒரே தடத்தில் போகும் சைக்கிளைவிட இழுப்பு அதிகம். கால்கள் உயரத்தில் நீட்டியிருப்பதால் விரல்களுக்கு ரத்தம் குறைந்து சீக்கிரம் மரத்துப்போகும்.

ராஸ் பனித்தட்டு கண்டத்தின் நிலத்தோடு சேரும் இடத்தில் தொடங்கி, லெவரெட் பனியாற்றின் செங்குத்தான ஏற்றத்தில் ஏறி, 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் துருவத்துக்கு 638 கிலோமீட்டர். 10 நாள் 14 மணி 56 நிமிடத்தில், 2013 டிசம்பர் 27ல் போய்ச் சேர்ந்தார். கண்டத்தின் ஓரத்திலிருந்து மிதிவண்டியில் தென் துருவம் போன முதல் ஆள் என்று கின்னஸ் பதிந்தது. கிரானடோஸ் 2014 ஜனவரி 17, பர்ட்டன் ஜனவரி 21. பர்ட்டன் வந்தது வேறு பக்கத்திலிருந்து, 1,200 கிலோமீட்டருக்கு மேல், தனி ஆளாய், சுமையைத் தானே இழுத்துக்கொண்டு. சுமார் ஐம்பது நாள்.

சண்டை வராமல் இருக்குமா? மரியா போனது அமெரிக்கர்கள் துருவ நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக டிராக்டர் விட்டு அழுத்திவைத்த தடம், சாமான்களுக்கு ஒரு துணை வண்டி கூடவே வந்தது, தூரமும் பாதிதான் என்றார்கள். உண்மைதான். பர்ட்டன் பட்ட பாடு பெரிது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'பொம்மை வண்டி' என்பதுபோல் மூன்று சக்கரத்தையே குறைத்துப் பேசுவதை ஏற்க முடியவில்லை. கிரானடோஸ் வழியில் ஸ்கீ போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது, பர்ட்டன் பல இடங்களில் சைக்கிளைத் தள்ள வேண்டியிருந்தது. அழுத்திய தடம் இருந்தால் டிரைக்கில் உட்கார்ந்தபடியே துருவம் போகலாம் என்று காட்டியதும் ஒரு சாதனைதான். இளகிய பனியில் அதே டிரைக் என்ன செய்திருக்கும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது வேறு பந்தயம்.

சரி, மோட்டார் ஏன் இல்லை? மனித பலத்தில் மட்டும் போனால்தான் சாதனை, அது ஒரு காரணம். வைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்கு சுவாரசியம். பேட்டரி என்பது ரசாயன அடுப்பு. குளிர்ந்தால் உள்ளே வினை மந்தமாகும், கொடுக்கும் கரண்ட் குறையும். ஈய-அமில பேட்டரியில் இன்னொரு வில்லங்கம்: சார்ஜ் தீரத் தீர உள்ளே இருக்கும் அமிலம் நீர்த்துப்போய், சாதாரணக் குளிரிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். லித்தியம் எவ்வளவோ தேவலை. ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. லித்தியம் கிராஃபைட்டுக்குள் புகாமல் வெளியே உலோகமாகப் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். டிசம்பரில் அன்டார்டிகாவில் சூரியன் மறைவதே இல்லை, கரண்ட் இலவசம். ஆனால் அதை வாங்கி வைக்க பேட்டரியை முதலில் சூடாக்க வேண்டும்! 2018ல் ஒரு நெதர்லாந்து தம்பதி சூரிய சக்தி வண்டியில் துருவத்துக்குக் கிளம்பி, எட்டாமலே திரும்ப வேண்டியிருந்தது.

மின்சார மிதிவண்டியின் நீண்ட பயணங்கள் எல்லாம் அதனால் வெயிலைத்தான் தேடிப் போயிருக்கின்றன. மரியா துருவம் போன அதே 2013ல், ஜூன் மாதம், 'சன் ட்ரிப்' என்ற பெயரில் பிரான்ஸிலிருந்து கஜகஸ்தானின் அஸ்தானா வரை, தலைக்கு மேல் சூரியத் தகடு கட்டிய சைக்கிள்களும் டிரைக்குகளும் கிளம்பின. நம் நாட்டில் சுஷில் ரெட்டி 2016ல் சூரிய சக்தி சைக்கிளில் 79 நாளில் 7,400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி கின்னஸில் ஏறினார்.

குளிர்நாடுகளில் மின்சார டிரைக்கில் போய்க் கூடாரம் போடுகிறவர்களுக்கு ஒரு எளிய வழக்கம் இருக்கிறது. ராத்திரி பேட்டரியைக் கழற்றி, தூக்கப் பைக்குள் தங்களோடு வைத்துக்கொண்டு படுப்பார்கள். உடம்புச் சூட்டில் அதுவும் கதகதப்பாய் இருக்கும், காலையில் ஒழுங்காய் வேலை செய்யும்.

இதை அந்த இ-ரிக்‌ஷா ஓட்டுநரை அடுத்த வாரம் பார்த்தபோது சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, சீட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நான்கு ஈய பேட்டரிகள், ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோவாவது இருக்கும். "இதுங்க நாலும் ரஜாயிக்குள்ள படுத்துட்டா நான் எங்க சாப் படுக்கறது?" என்றார்.