யார் அகதி? சட்டம் சொல்லும் அளவுகோல்கள்

சிவகிரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், ஏஜெண்டு ஒருத்தன் எம் மகனை ஐரோப்பாவுக்கு அனுப்புறேங்கிறான். அங்க போய் அகதின்னு எழுதிக் கொடுத்தா பேப்பர் கிடைச்சிடுமாம். வயலை வித்துப் பணம் கட்டலாமா?" என்று கேட்டார். இதே கேள்வி பல குடும்பங்களில் இருப்பதால் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

அகதி யார் என்பதை 1951ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தமும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையும் வரையறுக்கின்றன. அதன்படி கீழ்க்கண்டவை அனைத்தும் ஒருவரிடம் சேர்ந்திருக்க வேண்டும்.

1. சொந்த நாட்டுக்கு வெளியே இருத்தல்

1990 அக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார் உள்ளிட்ட வடமாகாணப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். எல்லாம் இழந்தும் நாட்டின் எல்லையைக் கடக்காததால், சட்டப்படி அவர்கள் அகதிகள் அல்லர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். அதே காலத்தில் கடல் கடந்து மண்டபம் முகாமுக்கு வந்த இலங்கையர் இந்த முதல் நிபந்தனையை நிறைவேற்றியவர்கள்.

2. ஆதாரமுள்ள அச்சம்

"பயமாக இருக்கிறது" என்று சொன்னால் மட்டும் போதாது. பிரிட்டனில் இலங்கைத் தமிழர் தொடுத்த சிவகுமாரன் வழக்கில், அச்சத்துக்கு உண்மையான அடிப்படை இருக்கிறதா, கொடுமை நேர நியாயமான வாய்ப்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அவர்கள் 1988இல் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் அவர்களில் ஐவரின் அச்சம் நியாயமானதே என்று 1989இல் மேல்முறையீட்டில் முடிவாகி, அவர்கள் மீண்டும் பிரிட்டன் வந்தனர். உண்மையானவர்களுக்கே வழி இவ்வளவு கடினமாக இருந்தது.

3. அச்சம் கொடுமையைப் பற்றியதாக இருத்தல்

உயிருக்கோ சுதந்திரத்துக்கோ கடும் ஆபத்து இருக்க வேண்டும். கடன், வேலையின்மை, மழை பொய்த்தல் ஆகியவை மட்டும் இதில் சேரா.

4. ஐந்து காரணங்களில் ஒன்று

இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றுக்காகவே அந்தக் கொடுமை நேர வேண்டும்.

5. சொந்த நாட்டின் பாதுகாப்பு கிடைக்காமை

அரசே கொடுமை செய்யலாம், அல்லது பிறர் செய்வதைத் தடுக்க இயலாமலோ விரும்பாமலோ இருக்கலாம். நாட்டின் வேறொரு பகுதியில் பாதுகாப்பாக வாழ முடியுமா என்றும் அதிகாரிகள் கேட்பார்கள்.

இவை அனைத்தும் இருந்தாலும், போர்க்குற்றம் போன்ற பெருங்குற்றம் செய்தவர் இந்தப் பாதுகாப்பைப் பெற முடியாது. அகதியை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் 33ஆவது பிரிவு.

நம் நாட்டின் நிலை

இந்தியா இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. இலங்கைத் தமிழர், திபெத்தியர் விவகாரங்களை அரசே கவனிக்கிறது. மியான்மர், ஆப்கானிஸ்தான் போன்ற நாட்டவரை ஐ.நா. அகதிகள் ஆணையம் பதிவு செய்கிறது. ஆனால் அந்த அட்டை குடியுரிமையோ விசாவோ ஆகாது. உயிர் வாழும் உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு அந்நியருக்கும் பொருந்தும் என்று சக்மா மக்கள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் ரோஹிங்கியாக்கள் தொடர்பான 2021 உத்தரவில், நாடுகடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கே உரியது என்றும், உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அவர்களை நாடுகடத்தக் கூடாது என்றும் சொன்னது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் முஸ்லிம்களும் இடம்பெறவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களும் இடம்பெறவில்லை.

பெரியவருக்கு நம் பதில்

அவர் மகன் தேடுவது வேலை. அது ஹலாலான தேட்டம்தான். அதற்கு வேலை விசா என்ற வழி இருக்கிறது. இல்லாத கொடுமையை எழுதிக் கொடுப்பது பொய்ச் சாட்சியம். மனு தள்ளுபடியானால் மகன் திரும்பி வருவான், வயல் திரும்பி வராது. பொய் மனுக்கள் பெருகினால் உண்மையான அகதியின் சொல்லையும் அதிகாரி சந்தேகிப்பார்.

மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியா சென்ற சஹாபாக்களை நினைத்துப் பாருங்கள். நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, தஞ்சம் பறிபோகலாம் என்ற நிலையிலும் ஜஅஃபர் (ரலி) உண்மையையே சொன்னார்கள். அந்த உண்மைதான் அவர்களுக்குத் தஞ்சம் வாங்கித் தந்தது.

வயலை விற்க வேண்டாம் என்று பெரியவரிடம் சொன்னோம். உங்களுக்கும் அதையே சொல்கிறோம்.