முதியோர் உளச்சோர்வும் ஆன்மிகமும்: உரையாடல்வழி உளச்சிகிச்சையில் ஒரு வரலாற்று நோக்கு

உரையாடலையே மருந்தாகக் கொண்ட உளச்சிகிச்சை தோன்றிய காலத்தில் அதில் முதியவருக்கும் இடமில்லை, இறைநம்பிக்கைக்கும் இடமில்லை. இரு மறுப்புகளும் சிக்மண்ட் ஃபிராய்டிடமிருந்தே வந்தன. 1904ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னா மருத்துவர்கள் முன் அவர் ஆற்றிய உரை அடுத்த ஆண்டு அச்சானது. ஐம்பது வயதை நெருங்கியோரிடம் மனநெகிழ்ச்சி குன்றிவிடுவதால் உளப்பகுப்பாய்வு அவர்களுக்குப் பயன்படாது என்பது அதில் அவர் கொண்ட நிலைப்பாடு. அப்போது அவருக்கு வயது 48. சமயச் சடங்கை மனப்பீடிப்பு நோயாளரின் செயலோடு ஒப்பிட்ட 1907ஆம் ஆண்டுக் கட்டுரையும், சமயத்தை மாயை என்று வகைப்படுத்திய 1927ஆம் ஆண்டு நூலும் இரண்டாம் மறுப்பை நிலைநிறுத்தின.

வயது பற்றிய மறுப்பே முதலில் தளர்ந்தது. நோயாளியின் வயதைக் காட்டிலும் நோய் தொடங்கிய வயதே முதன்மையானது என 1919இல் கார்ல் ஆபிரகாம் வாதிட்டார். 1932இல் கிறித்தவச் சமயகுருமார் முன் உரையாற்றிய கார்ல் யுங், முப்பத்தைந்து வயதைக் கடந்த தம் நோயாளர் அனைவரின் சிக்கலும் இறுதியில் சமயநோக்கைப் பற்றியதாகவே இருந்தது என்றார். இக்கூற்று பின்னாளில் அளவுமீறி மேற்கோளாக்கப்பட்டது. அது ஒரு மருத்துவரின் பட்டறிவேயன்றி அளவீடு அன்று. முப்பத்தைந்து முதுமையும் அன்று.

உண்மையான திருப்பம் 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் இராபர்ட் பட்லர் முன்வைத்த 'வாழ்க்கை மீள்நோக்கு' என்னும் கருத்தால் நேர்ந்தது. முதியவர் பழங்கதை பேசுவதை மூளைத்தளர்ச்சியின் அறிகுறியாகக் கொண்ட மருத்துவ வழக்கை அவர் மறுத்தார். இறப்பின் அணுக்கத்தை உணர்ந்த மனம் இயல்பாக மேற்கொள்ளும் பணியே அது என விளக்கினார். அப்பணி சிலருக்கு அமைதியில் முடிகிறது. தீராத குற்றவுணர்வு உடையோரை உளச்சோர்வில் தள்ளுகிறது. பட்லரின் சொல்லாட்சி மருத்துவருடையது. ஆயினும் மன்னிப்பு, கழுவாய், வாழ்ந்த வாழ்வின் பொருள் என அவர் தொட்ட வினாக்கள் சமயங்கள் நெடுங்காலமாகக் கையாண்டவை. ஆன்மிகம் பெயர் சொல்லப்படாமலே முதியோர் சிகிச்சைக்குள் நுழைந்தது எனலாம்.

பெயர் சொல்லி நுழைந்தபோது பூசல் எழுந்தது. 1980இல் ஆலன் பெர்ஜின் இறைநம்பிக்கைசார் விழுமியங்களுக்குச் சிகிச்சையில் இடம் கோர, ஆழ்ந்த சமயப்பற்றை மனக்குலைவோடு இணைத்து ஆல்பர்ட் எல்லிஸ் மறுத்தார். பிற்காலத்தில் எல்லிஸே தம் கடுமையைத் தணித்துக்கொண்டார். கொள்கைப் பூசலைச் சோதனைக்கு உட்படுத்திய ஆய்வுகளுள் ரெபெக்கா புராப்ஸ்ட் குழுவினர் 1992இல் வெளியிட்டது தனித்துக் குறிப்பிடத்தக்கது. உளச்சோர்வுற்ற 59 இறைநம்பிக்கையாளர் அதில் பங்கேற்றனர். அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையைச் சமயக் கருத்துகளோடு இணைத்து வழங்கியபோது மிகுந்த பயன் கண்டோர், சமயப்பற்றில்லாத சிகிச்சையாளரிடம் அதனைப் பெற்றவர்களே. எதிர்பாராத இம்முடிவு சிறிய ஆய்வொன்றின் முடிவுதான். எனினும் சிகிச்சையாளரின் நம்பிக்கையைவிட, நோயாளியின் நம்பிக்கைமொழியை மதித்துக் கையாளும் திறனே முதன்மையானது எனக் கருத இது இடமளிக்கிறது.

ஆன்மிகம் எப்போதும் ஆறுதலே தரும் என்னும் எண்ணத்தை 2001இல் கென்னத் பார்கமெண்ட் குழுவினரின் ஆய்வு தகர்த்தது. மருத்துவமனையில் சேர்ந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 600 நோயாளரை அவர்கள் இரண்டாண்டு பின்தொடர்ந்தனர். இறைவன் தம்மைக் கைவிட்டாரோ என ஐயுற்றோரிடம் இறப்பு வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. முதியவரின் நம்பிக்கையைப் பற்றிக் கேளாதிருக்கும் சிகிச்சையாளர் இவ்வையத்தையும் கேளாதிருப்பார்.

நாட்பட்ட உடல்நோயும் உளச்சோர்வும் ஒருங்கே உடையோருக்கென ஹெரால்டு கோனிக் குழுவினர் கிறித்தவம், யூதம், இசுலாம், பௌத்தம், இந்து ஆகிய ஐந்து மரபுகளுக்கும் தனித்தனிக் கையேடுகள் வகுத்துச் சோதித்தனர். 2015இல் வெளியான அதன் முடிவில், சமயம் இணைந்த சிகிச்சையும் வழக்கமான சிகிச்சையும் பொதுவில் ஒத்த பயனே அளித்தன. சமயப்பற்று மிக்கோரிடம் மட்டும் முன்னது சற்றே மேலோங்கியது. அச்சோதனை முதியோரை மட்டும் கொண்டதன்று.