கீரையை யார் ஆய்ந்து கொடுப்பது?

கீரை வாங்குவது சுலபம், ஆய்வதுதான் வேலை. ஒரு கட்டு முளைக்கீரையை ஆய்ந்து, மூன்று தண்ணீர் விட்டு அலசி, நறுக்கி முடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடிக்கும். சாப்பிடுவது நாலே பேர். அமெரிக்காவில், பள்ளிக்கூடங்களுக்கு உள்ளூர் விவசாயிகள் காய்கறி விற்க அரசு மானியம் தருகிறது. அது பிறந்த கதையைத் தேடிப் படித்தபோது, கதையின் நடுவில் இதே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

ஃப்ளோரிடா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி கேட்ஸ்டன் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போல) இருக்கிறது. அந்த மாநிலத்தில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரே கவுன்ட்டி. சுருட்டுக்கு மேலிலையாகச் சுற்றும் புகையிலையைத் துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்த்துச் செழித்த மண். 1970களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் சில ஏக்கர் நிலத்தோடு கறுப்பின விவசாயிகள் மிஞ்சி நின்றார்கள். பெரிய மண்டிக்குப் போனால் இவர்கள் சரக்கு சிறிது, அரசுக் கடனுக்குப் போனால் நிறம் குறுக்கே நின்றது. கடன் தருவதில் பாகுபாடு காட்டியதாக வேளாண்மைத் துறை மீது நாடெங்குமுள்ள கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபர்ட் வழக்கு 1999இல்தான் சமரசத்துக்கு வந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே வேளாண்மைத் துறையில் சிறு விவசாயிகளிடையே வேலை பார்த்துவந்த கிளென் ஹோம்ஸ், அவர்களைச் சேர்த்து ‘நியூ நார்த் ஃப்ளோரிடா கூட்டுறவு’ என்ற சங்கம் அமைவதற்கு முன்நின்றார். விற்க ஓர் இடம் வேண்டுமே. கண்ணில் பட்டது பள்ளிக்கூடம். நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று இன்றைக்கே தெரிந்த வாடிக்கையாளர் வேறு யார் இருக்கிறார்கள்? கடையை இழுத்து மூடிவிட்டுப் போகவும் மாட்டார்கள்.

அமெரிக்காவின் பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946இல் வந்தது. பிள்ளைகளின் ஆரோக்கியம், உள்நாட்டு விளைபொருளின் விற்பனை என்ற இரண்டு நோக்கங்களையும் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. ஆக, விவசாயி அந்தச் சட்டத்தில் முதல் நாளிலிருந்தே இருக்கிறார். ஆனால் காலப்போக்கில் அது லாரி லாரியாக அனுப்பக்கூடியவரின் சட்டமாகிப் போனது. 1990கள் வாக்கில் பல பள்ளிச் சமையலறைகளில் சமைப்பதே நின்றுவிட்டது. உறையவைத்து வந்த பெட்டியைப் பிரித்துச் சூடாக்கித் தட்டில் வைப்பதுதான் வேலை. கீரை நறுக்க அங்கே ஆளும் இல்லை, கத்தியும் பலகையும் போட இடமும் இல்லை.

இந்தச் சமையலறைக்கு ஹோம்ஸ் கொண்டுபோக நினைத்தது கொலார்ட் கீரை. தென் மாநிலங்களின் கறுப்பின வீடுகளில் அது இல்லாமல் விருந்து கிடையாது. முட்டைக்கோஸின் உறவு, ஆனால் உருண்டு மூடிக்கொள்ளாமல் விசிறி விசிறியாக விரிந்து நிற்கும். இலை ஒவ்வொன்றும் கையகலத்தைத் தாண்டும், நடுவே விரல் தடிமனுக்கு நரம்பு. மடிப்புகளுக்குள் மணல் ஒளிந்திருக்கும். ஒரு தண்ணீரில் போகாது. நரம்பைக் கிழித்தெடுத்து, இலைகளை அடுக்கிச் சுருட்டி, குறுக்கே நறுக்க வேண்டும். வீட்டில் பாட்டி உட்கார்ந்து செய்வார். ஐந்நூறு பிள்ளைகளுக்கு யார் செய்வது?

கீரை விளைந்திருந்தது, பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் இருந்த ஓட்டை இதுதான். சங்கம் அந்த ஓட்டையை அடைத்தது. விவசாயிகளே கீரையைக் கழுவி, நறுக்கி, பைகளில் அடைத்து, குளிர்பதன வண்டியில் ஏற்றிப் பள்ளி வாசலில் இறக்கினார்கள். சமையல்காரர் பையைப் பிரித்து அடுப்பில் கொட்டினால் போதும். தண்ணீர்த் தொட்டி, வெட்டும் இயந்திரம், வண்டி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியிருந்தது. வேளாண்மைத் துறையின் பிரிவுகளும் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் துணை நின்றன. கேட்ஸ்டன் பள்ளிகளில் தொடங்கிய வியாபாரம் பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவியது.

ஏறக்குறைய அதே நேரம், நாட்டின் இன்னொரு கோடியில் வேறொரு வசதியான உலகத்தில் இதே யோசனை முளைத்தது. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 1981 முதல் உழவர் சந்தை நடக்கிறது. அங்கிருந்து காயும் பழமும் வாங்கிப் பள்ளியில் சாலட் மேசை போட்டால் என்ன என்று கேட்டார் ஆக்ஸிடென்டல் கல்லூரிப் பேராசிரியர் ராபர்ட் காட்லீப். பள்ளி உணவுப் பொறுப்பிலிருந்த ராட்னி டெய்லருக்கு நம்பிக்கையே இல்லை. பிள்ளைகள் பீட்சாவை விட்டுவிட்டு இலைதழையையா எடுப்பார்கள்? இருந்தாலும் செய்து பார்க்க ஒப்புக்கொண்டார். 1997இல் மேசை போட்டார்கள். பிள்ளைகள் எடுத்தார்கள். நம்பாத டெய்லரே பிறகு போகிற ஊருக்கெல்லாம் அந்த மேசையைக் கொண்டுபோனார்.

2000இல் இந்த முயற்சிகளை ஒன்றுசேர்க்க வேளாண்மைத் துறை ஓர் ஆய்வு மானியம் கொடுத்தது. ‘ஃபார்ம் டு ஸ்கூல்’ என்ற பெயர் நிலைத்தது. 2004இல் நாடாளுமன்றம் இதற்கென மானியம் தரலாம் என்று சட்டத்தில் எழுதியது. எழுதியதோடு சரி, ஒரு டாலரும் ஒதுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. அது போதாதென்று டெண்டர் விதி வேறு. மத்திய அரசின் பணத்தில் வாங்கும் பள்ளி, பக்கத்து ஊர்க் காய்கறிக்கு முன்னுரிமை தர முடியாது என்று இருந்தது. 2008இல்தான், அதிகம் பக்குவப்படுத்தாத விளைபொருளுக்கு அந்த முன்னுரிமையைத் தரலாம் என்று சட்டம் திருந்தியது. உள்ளூர்ப் பொருள்தான் வேண்டும் என்று டெண்டரிலேயே கேட்க 2024 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2010 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஹேரியட் டப்மன் பெயரிலான தொடக்கப் பள்ளியில் வைத்து, பள்ளி உணவை மாற்றியமைக்கும் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். அதற்குள் சின்னதாக ஒரு பிரிவு: 2012 அக்டோபர் முதல் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர், பள்ளிக்கும் பண்ணைக்கும் பாலம் போட. இம்முறை பணம் சட்டத்திலேயே கட்டப்பட்டிருந்தது. பள்ளி மதிய உணவுக்கு அப்போது ஆண்டுக்கு 1,100 கோடி டாலருக்கு மேல் செலவாகிக்கொண்டிருந்தது. அதில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2012 நவம்பரில் முதல் மானியங்கள் 37 மாநிலங்களிலும் தலைநகரிலுமாக 68 திட்டங்களுக்குப் போயின. ஒருவருக்கு அதிகபட்சம் 1 லட்சம் டாலர். செலவில் கால் பங்கை வாங்குபவர் போட வேண்டும்.

பள்ளிகள், பழங்குடி அமைப்புகள், தொண்டு நிறுவனங்களோடு விவசாயிகளும் அவர்களின் குழுக்களும்கூட விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொன்னது. பயிற்சி, திட்டமிடல், கருவிகள், பள்ளித் தோட்டம், ஆட்களை இணைக்கும் வேலை ஆகியவற்றுக்குப் பணம் தரலாம். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஹோம்ஸ் சங்கத்தின் தண்ணீர்த் தொட்டியும் வெட்டும் இயந்திரமும்தான் ஞாபகம் வந்தன. கீரையின் விலையைப் பள்ளி கொடுத்துவிடும். கீரை பள்ளிக்கு வந்து சேரும் வழிக்குத்தான் பணம் கொடுக்க ஆளில்லாமல் இருந்தது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கீரை ஆய்ந்தவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

பிறகு இதை வளர்த்த வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹியின் பெயரை மானியத்துக்குச் சூட்டினார்கள். கொரோனாவில் உணவு வரத்து அறுந்ததைப் பார்த்த பிறகு, பள்ளிகள் உள்ளூர்ப் பொருளை வாங்குவதற்கென்றே 20 கோடி டாலரில் தனித் திட்டம் ஒன்றும் வந்தது. அதன் அடுத்த சுற்றுக்கு அறிவித்திருந்த சுமார் 66 கோடி டாலரை 2025 மார்ச்சில் வேளாண்மைத் துறை ரத்து செய்தது. மார்ச் என்பது விவசாயி விதை வாங்கி, நாற்று விட்டு, ஆள் பேசி வைத்துவிட்ட மாதம். கடைசி நேரத்தில் கைவிடப்படுவது சிறு விவசாயிக்கு எவ்வளவு பெரிய அடி என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். லேஹி மானியத்தின் அந்த ஆண்டுச் சுற்றும் கூடவே போயிற்று.

அந்த மானியத்துக்கு மட்டும் அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் விண்ணப்பம் கேட்டார்கள், 1 கோடியே 80 லட்சம் டாலர் வரை. வடக்கு ஃப்ளோரிடாவில் கொலார்ட் நாற்று நடும் பருவம் அது.