உத்திரமேரூர்க் கல்வெட்டும் நம் ஊர்க் கால்பந்தும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

2025 ஆகஸ்டில் ஒரு மாலை. அம்மா மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கொள்ளிடம் மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்த பையன். இப்போது வெளிமாநிலத்தில் ஒரு கால்பந்து கிளப்பில், வீரர்களின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "சார், லீக் நடக்குமான்னே தெரியல. சம்பளத்த நிறுத்திட்டாங்க. ஊருக்கு வந்துடட்டுமா?" என்றான். "அவசரப்படாதே, ஒரு மாசம் பாரு" என்றேன். வேறு என்ன சொல்ல? அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த நிலை எப்படி வந்தது என்ற வரலாற்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நாம் கால்பந்தில் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்ல. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கினோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தோம். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடியும் தங்கம். அந்த இறுதிப் போட்டியில் கோல் கம்பத்தைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இந்த வெற்றிகளுக்குப் பின்னால் நின்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். அவரும் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? விளையாடுபவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் மாறவில்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 1937-ல் தொடங்கப்பட்டது. 1980-களின் கடைசியிலிருந்து 2022 வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அதற்குத் தலைவர்கள் இரண்டே பேர்: பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, பிரஃபுல் படேல். இரண்டு பேருமே அரசியல்வாதிகள், ஒன்றிய அமைச்சர்களாக இருந்தவர்கள்.

2010 டிசம்பரில் சம்மேளனம் ஓர் ஒப்பந்தம் போட்டது. இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. அதிலிருந்து 2014-ல் பிறந்ததுதான் இந்தியன் சூப்பர் லீக். குறை மட்டும் சொல்லக் கூடாது. நல்ல மைதானம், நல்ல ஒளிபரப்பு, வீரர்களுக்கு நல்ல சம்பளம் எல்லாம் வந்தன. சென்னையின் அணி இரண்டு முறை கோப்பை வாங்கியபோது நானும் டிவி முன்னால் கைதட்டியவன்தான்.

ஆனால் அந்த லீக்கில் ஓர் அணி எவ்வளவு மோசமாக ஆடினாலும் பல ஆண்டுகள் கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை. கீழே உள்ள அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் பல ஆண்டுகள் மேலே ஏற முடியவில்லை. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, 2018-19-ல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. வகுப்பில் முதல் மதிப்பெண், ஆனால் அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி இல்லை! இன்று அந்த அணி தேசிய அரங்கில் இல்லை. வென்று மேலே ஏறும் வழி 2023-ல்தான் திறந்தது.

படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. சட்டதிட்டம் குறித்த வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற காரணத்தால் தேர்தல் நடக்கவில்லை, அவரும் இறங்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே தலையிட்டு மூவர் குழுவை நியமித்தது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா ஆகஸ்டில் இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. பதினோரு நாளில் தடை நீங்கியது. ஆனால் அதற்குள், ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போயிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆடாமலே திரும்பியது. தவறு செய்தது யார், தண்டனை யாருக்கு, பாருங்கள்.

பிறகு தேர்தல் நடந்து, முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சவுபே 33-1 என்ற ஓட்டில் தலைவரானார். ஆள் மாறினார், ஆனால் அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடியப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த தேதி. அதற்குப் பிறகு என்ன என்பது மட்டும் முடிவாகவில்லை. செப்டம்பரில் தொடங்கும் சீசனை நடுவில் முடிகிற ஒப்பந்தத்தை நம்பி எப்படி நடத்துவது என்று, லீக்கை நடத்திய நிறுவனம் ஜூலையில் அதை நிறுத்தி வைத்தது. அக்டோபரில் சம்மேளனம் டெண்டர் விட்டுப் பார்த்தது. ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, லீக் 2026 பிப்ரவரி 14-ல் தொடங்கும் என்று ஜனவரியில் அறிவித்தார்.

ஏழாம் வகுப்பில் உத்திரமேரூர்க் கல்வெட்டு நடத்தியது நினைவிருக்கிறதா? முதலாம் பராந்தக சோழன் காலம், பொ.ஆ. 919, 921. வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகள். வயது 35-க்கு மேல், 70-க்குள். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டு வரக் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வரவே கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் கொடுத்த சபை அது. அதை முழு ஜனநாயகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதிகாரத்தில் உட்கார்ந்தவன் தானாக எழுந்திருக்க மாட்டான் என்பது அவர்களுக்கு 1,100 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. 2011-ல் வந்த நம் தேசிய விளையாட்டு நெறிமுறையும் 70 வயது என்றுதான் சொன்னது. தலைவர் பதவிக்கு 12 ஆண்டு வரம்பும் அதில் இருந்தது. விதி இருந்தது, நடத்திக் காட்ட உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது மனசாட்சி குத்துகிறது. எங்கள் குறுவட்ட விளையாட்டுப் போட்டிக் குழுவில் நானும் பதினோரு ஆண்டு செயலாளராக இருந்தேன். பணத்தில் ஒரு பைசா கை வைத்ததில்லை. ஆனால் "நம்மை விட்டால் யார் செய்வார்கள்" என்ற எண்ணம் இருந்தது. கணக்கையும் நேரத்துக்குக் கொடுத்ததில்லை. ஒரு இளம் டீச்சர் பொறுப்புக்கு வந்த முதல் ஆண்டே பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து அணி சேர்த்தார். பதினோரு ஆண்டில் எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பதினோரு ஆண்டும் விளையாடாமல் போன பெண் பிள்ளைகளில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். என்னை மன்னியுங்கள் அம்மா.

2025 ஜூலை 5-ல் நம் பெண்கள் அணி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதற்கடுத்த வாரத்தில்தான் ஆண்கள் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. விளையாடுகிற பிள்ளைகளிடம் குறை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

போன் செய்த பையன் ஊருக்கு வரவில்லை. பொறுத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறான். உங்களில் பலர் இன்று ஊர்ச் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு என்று ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறீர்கள். கணக்கைக் கேட்காமலே காட்டுங்கள். நேரம் வந்தால் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார், ஸ்ரீரங்கம்